ஸ்பேசருக்கு மார்க் குறைக்கிறதை நிறுத்திட்டன்

இந்தக் கிழமை எபிசோடைக் கேட்டவர்களுக்குத் தெரியும், நேயர்கள் அனுப்பும் சைக்கிள் படங்களுக்கு மார்க் போடுகிற பகுதி அதில் இல்லை. ஒலிப்பதிவில் ஒரு பிழையும் இல்லை. நான்தான் வேண்டாம் எண்டு சொன்னனான். காரணத்தை மைக்குக்கு முன்னால் சொல்ல வாய் வரவில்லை. எழுதினால் கொஞ்சம் ஒழுங்காக வரும்.

போன கோடையில் ரொக்ஸ்பரோவில் இருந்து ஒரு அண்ணை படம் அனுப்பியிருந்தார். வயது ஐம்பத்தைந்துக்கு மேல். பிரேமைத் தனியாக வாங்கி, சில்லு, கியர், ஹாண்டில், சீற் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தேடிப் பொருத்திய ரோட் பைக். கரும்பச்சை நிறம், பழுப்பு ரேப். "10க்கு எத்தனை?" என்று கேட்டிருந்தார். நான் 5 போட்டேன். ஹாண்டிலையும் போர்க்கையும் இணைக்கிற ஸ்ரெம்முக்குக் கீழே ஸ்பேசர் வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. "இது ரோட் பைக்கோ, கோயில் கோபுரமோ?" என்று கேட்டுச் சிரித்தும் விட்டேன். உங்களில் கனபேர் சேர்ந்து சிரிச்சனீங்கள்.

மூன்று கிழமை கழித்து ஒரு ஞாயிறு காலை, குவான் வீதியால் கப்-சென்-ஜாக் பூங்காப் பக்கம் போகும்போது அவரைக் கண்டேன். ஆற்றங்கரையில் சைக்கிளைச் சாய்த்துவிட்டுக் கையை உதறிக்கொண்டு நின்றார். ஸ்பேசர் ஒன்றையும் காணவில்லை. "நீங்கள் சொன்னபடி இறக்கிட்டன் தம்பி. இப்ப வடிவா இருக்கல்லோ? சின்ன விரலும் மோதிர விரலும்தான் விறைக்குது" என்றார். ஸ்ரெம்முக்கு மேலே மிச்சம் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாதென்று போர்க் குழாயையும் வெட்டுவித்திருந்தார். வெட்டின குழாய் திரும்ப வளராது.

எங்களுக்குள்ளே வடிவு என்று ஓடுகிற சட்டம் எங்கிருந்து வந்தது எண்டு யோசிச்சுப் பாருங்கோ. ஹாண்டில் சீற்றை விட நல்லாத் தாழ்ந்திருக்க வேணும். ஸ்ரெம் பிரேமோடு ஒட்டியிருக்க வேணும். படம் எடுக்கும்போது செயின் பக்கம் தெரிய வேணும், செயின் பெரிய பல்லில் இருக்க வேணும், வால்வு ஆறு மணி இடத்தில் நிற்க வேணும். பின்னுக்குச் சொன்ன படச் சட்டங்களால் ஒருவருக்கும் நட்டமில்லை. முன்னுக்குச் சொன்ன இரண்டும் போட்டி ஓட்டக்காரரின் உடம்பிலிருந்து எடுத்தவை. அவர்கள் காற்றுத் தடையைக் குறைக்கக் குனிகிறார்கள். நாளுக்கு நாலைந்து மணித்தியாலம் ஓடிப் பழகிய முதுகும் தொடையும் அந்தக் குனிவைத் தாங்கும். பெடலை அழுத்துகிற விசையும் அவர்களின் உடலைக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்கும். கிழமை முழுக்க மேசையில் இருந்துவிட்டு ஞாயிறு மட்டும் ஓடுகிறவர் அதே குனிவில் போனால், பாரம் முழுக்க உள்ளங்கையில் இறங்கும். அங்கே ஓடுகிற நரம்பு நசியும்போது முதலில் விறைப்பது அந்த இரண்டு விரலும்தான்.

'கஸ்டம்' என்ற சொல்லையே நாங்கள் பிழையாக விளங்கிவிட்டோமோ என்று எனக்கொரு சந்தேகம். கடைச் சட்டையில் பொத்தானை மாற்றுவது ஒன்று, அளவெடுத்துத் தைப்பது இன்னொன்று. இந்த ஊரில் இதைச் சொல்ல நல்ல ஆள் இருக்கிறார். ஜுசெப்பே மரினோனி 1965இல் இத்தாலியிலிருந்து மொன்றியலுக்கு வந்த சைக்கிள் வீரர். தொழிலால் தையற்காரர். 1974இல் இத்தாலியில் பிரேம் கட்டப் பழகிவந்து இங்கே தொழிலைத் தொடங்கினார். துணிக்கு அளவெடுத்த கை, பிறகு இரும்புக் குழாய்க்கு அளவெடுத்தது. 2012இல் 75–79 வயதுப் பிரிவில் ஒரு மணித்தியாலச் சாதனை ஓட்டத்துக்குப் போனபோது, பல பத்தாண்டுகளுக்கு முன் கனடிய வீரர் ஜோசலின் லவலுக்காகத் தானே கட்டிய இரும்புச் சைக்கிளைத்தான் எடுத்துப்போனார். 1983இல் பயிற்சியின்போது லொறி மோதியதில் லவல் நடக்கும் வலுவை இழந்திருந்தார். மரினோனி அந்த மணித்தியாலத்தில் 35.728 கிலோமீற்றர் ஓடிச் சாதனையை எடுத்தார். ரோனி ஜிறார்டின் எடுத்த ஆவணப்படத்தில் இந்தக் கதை வருகிறது. யார் யாருக்காகக் கட்டியது என்று சொல்லாமல் அந்தச் சைக்கிளின் படத்தை மட்டும் யாராவது எனக்கு அனுப்பியிருந்தால், பழைய சாமான் என்று 6 போட்டிருப்பேன்.

இன்னொரு மொன்றியல் உதாரணம். ஓட்ட வீரர் ஜெர்வே றியூ 1989இல் தொடங்கிய ஆர்கன் 18, தன் பந்தய பிரேம்களிலேயே முன்பக்கத்தை உயர்த்துவதற்கென்று வெவ்வேறு உயரத்தில் தனித் துண்டுகள் செய்து கொடுத்தது. ஹாண்டில் உயரம் வெட்கப்படவேண்டிய விஷயம் என்று அவர்கள் நினைக்கவில்லை. பொறியியலால் தீர்க்கிற விஷயமாகப் பார்த்தார்கள்.

இதற்காகத் தோற்றம் முக்கியமில்லை என்று சொல்ல வரவில்லை. ஸ்பேசர் எத்தனை அடுக்கினாலும் பரவாயில்லை என்றும் இல்லை. கார்பன் போர்க் என்றால் உயரத்துக்கு வரம்பு உண்டு, கையேட்டைப் பாருங்கோ. அளவெடுத்துக் கட்டிய பிரேமிலேயே பெரிய அடுக்கு இருந்தால் அது கேட்கவேண்டிய கேள்விதான்: தலைக்குழாயை நீட்டிக் கட்டியிருக்கலாமே? ஆனால் அந்தக் கேள்வி கட்டினவருக்கு, ஓடுகிறவருக்கு இல்லை. கடையில் வாங்கிய பிரேமில் ஸ்பேசர் இருந்தால், ஒருவர் தன் முதுகைக் கேட்டுப் பொருத்தியிருக்கிறார் என்றுதான் அர்த்தம்.

கண் பழக்கத்துக்குக் கட்டுப்பட்டது. பதினைந்து வருசத்துக்கு முதல் 23 மில்லிமீற்றர் ரயர்தான் அழகு, 28 என்றால் அப்பாவின் சைக்கிள். இப்ப பந்தயத்திலேயே 28 ஓடுகிறார்கள், எங்கள் கண்ணும் மாறிட்டுது. யாழ்ப்பாணத்தில் தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் இருந்தவர்களுக்கு இன்னொரு சைக்கிள் ஞாபகம் வரும். பற்றரி கிடைக்காத காலத்தில் சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, பெடலைச் சுத்தி, டைனமோவில் ரேடியோ கேட்ட சைக்கிள். அந்த செட்அப்புக்கு ஒருத்தரும் மார்க் போடவில்லை. செய்தி கேட்டுதோ எண்டுதான் பார்த்தவை.

ஆகவே இனி இந்தப் பகுதி திரும்பி வந்தால் மூன்று கேள்விக்குப் பிறகுதான் மார்க். யார் ஓடுகிறார்? எந்த வீதியில்? எவ்வளவு நேரம்? பனி உருகின பிறகு இந்தப் பக்கத்து வீதிகளில் கிடக்கிற குழிகளைத் தெரிந்தவருக்கு இரண்டாவது கேள்வி ஏன் என்று சொல்லத் தேவையில்லை. சைக்கிள் மட்டும் நிற்கிற படத்தோடு, நீங்கள் ஏறியிருக்கிற படமும் ஒன்று அனுப்புங்கோ. முழங்கை மடிந்திருக்கிறதா, தோள் காதுவரை ஏறியிருக்கிறதா என்று பார்ப்பேன். பிறகு கேபிள் அளவாக வெட்டியிருக்கிறதா, ரேப் சுத்தமாகச் சுத்தியிருக்கிறதா என்றும் பார்ப்பேன். அதில் நான் இன்னமும் கறார்தான்.

அந்த அண்ணையிடம் மன்னிப்புக் கேட்டேன். மேல்நோக்கிச் சாய்ந்த ஸ்ரெம் ஒன்றைத் தேடிப் பிடித்து, அவருடைய கராஜிலேயே ரெண்டு பேருமாகப் பொருத்தினோம். இழந்த உயரம் முழுக்க வரவில்லை, பெரும்பகுதி வந்தது. பக்கத்திலிருந்து பார்த்தால் கொக்கு கழுத்தை நீட்டினது போலக் கிடக்கு. போன ஞாயிறு பூங்கா வரைக்கும் போய்த் திரும்பினோம். வழியில் அவர் ஒருக்காலும் கையை உதறவில்லை.