மனநலத் தொழிற்கல்வியும் கைப்பொருளும்

பெரிய முதலியார்சாவடியிலிருந்து வரும் மாணவர் சிலர் மனநோய் தீர்க்கும் தொழிலை நாடுகின்றனர். 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலையைக் கண்ட கரையில் இவ்விருப்பம் எழுதல் வியப்பன்று. ஆயினும் அவர்தம் செலவுக் கணக்கு கல்லூரிக் கட்டணத்தோடு நின்றுவிடக் காண்கின்றோம்.

மருத்துவ உளவியலாளராகத் தொழில்புரியப் பட்டம் மட்டும் போதாது. 1992 ஆம் ஆண்டுச் சட்டப்படி, இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் ஏற்ற பயிற்சியை முடித்து, அதன் பதிவேட்டிற் பெயர் பதிதல் வேண்டும். பதியாது தொழில் செய்வார்க்கு ஓராண்டு வரை சிறையும் விதிக்கலாம். கவுன்சில் ஏற்காத பள்ளியிற் கட்டிய பணம் கடலிற் கரைத்த பெருங்காயமே. விதிகளோ மாறுந் தன்மையன: நெடுங்காலம் வழங்கிய எம்.பில். பட்டத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு 2022 இல் நிறுத்தி, இத்துறைக்கு 2025–26 வரை தவணை தந்தது. ஆதலின் ஒரே வழியை நம்பிக் கடன் வாங்கற்க.

எனினும் பெருஞ்செலவு கட்டணமன்று, ஊதியமின்றிக் கழியும் ஆண்டுகளே என்போம். மரக்காணத்து உப்பளத்தார்க்கு மழைமாதங்களில் வேலையுமில்லை, கூலியுமில்லை. பயிலுநர்க்கோ வேலையுண்டு, கூலி பெரும்பாலும் இல்லை. விடுதி, உணவு, புத்தகம், ஊர்ப்பயணம் இவற்றை யார் தருவது? பழைய மாணவர் சங்கத்தார் ஆண்டுதோறும் வெள்ளிக்கோப்பைகட்குச் செலவிடும் பொருளை (கோப்பைகள் கறுத்துக் கிடக்கின்றன!) இத்தகைய மாணவர் ஒருவர்க்கேனும் மாதப்படியாக அளிக்க முன்வரவேண்டும்.