லயத்தைப் பார்க்க பஸ் காசு எதற்கு?



கல்விச் சுற்றுலா பற்றிய பெற்றோர் கூட்டத்தில், இம்முறை கம்பளைக்குப் பக்கத்தில் பரதெக்கவிலுள்ள தேயிலைத் தொழிலாளர் நூதனசாலைக்குப் போவோம் என்றோம். ஒரு தகப்பன் எழும்பி, "சேர், நாங்க இருக்கிறதே லயத்துல. லயத்தைப் பார்க்க பஸ் காசு கட்டணுமா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம். பிறகு எங்கள் ஆட்களில் ஒருவர் மெதுவாகச் சொன்னார்: "அது தோட்டத்து ஆக்கள்ட கதைதானே சேர், நமக்கென்ன?"

இரண்டுக்கும் இங்கே பதில் சொல்கிறோம்.

தரம் 9 பிள்ளையிடம் ஜேம்ஸ் டெய்லர் யாரென்று கேளுங்கள். 1867, லூல்கந்துர, 19 ஏக்கர் என்று மூச்சுவிடாமல் சொல்லும். அந்த 19 ஏக்கரில் காடு வெட்டியது யார் என்றால் முழிக்கும். 1940 ஜனவரியில் முல்லோயா தோட்டத்தில் பொலிஸ் சுட்டு இறந்த கோவிந்தனைத் தெரியாது. 1948 பிரஜாவுரிமைச் சட்டம் தன் பாட்டனை நாடற்றவராக்கியதும் தெரியாது. பிழை பிள்ளையில் இல்லை. சொல்லிக் கொடுக்காத எங்களில் இருக்கிறது.

ஹந்தானை தேயிலை நூதனசாலையில் இயந்திரங்களைப் பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். பரதெக்கவில் 2007 முதல் பழைய லயக் காம்பராக்களே நூதனசாலை. உழைத்தவர்கள் பாவித்த கருவிகளும் பாத்திரங்களும் ஆவணங்களும் அங்கே இருக்கின்றன. தகப்பனாரே, நூதனசாலையில் வைக்க வேண்டிய காம்பராவில் நீங்கள் இன்னும் குடியிருக்கிறீர்கள். உங்கள் பிள்ளை அதைப் பார்த்துக் கோபப்பட வேண்டும். அதற்குத்தான் பஸ் காசு.

அடுத்தது எங்கள் ஆட்களுக்கு. தோட்டத்துக்குக் கீழே கடை போட்டதும், துணி மூட்டையோடு லயம் லயமாக ஏறியதும் எங்கள் வாப்பாமார்தானே? அந்தக் கடன் கொப்பிகளில் இருந்தது யாருடைய பெயர்? அவர்கள் கட்டிய காசில்தான் எங்களில் பலர் படித்து ஆசிரியரானோம். இப்போது "நமக்கென்ன" என்பது நன்றிகெட்ட பேச்சு.

மவுஸ்ஸாகலை அணைக்காக பழைய மஸ்கெலியா நகரமே தண்ணீருக்குள் போனது. தண்ணீர் வற்றிக் கோயில் தெரிந்தால் செல்ஃபி எடுக்க ஓடுகிறோம். அந்தத் தண்ணீர்தான் இறங்கி வந்து எங்கள் பொல்பிட்டிய மின்நிலையத்தையும் ஓட்டுகிறது. அங்கே குடியிருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று ஒருநாளாவது கேட்டோமா?

சுற்றிக் காட்டுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. முன்பொருமுறை பிள்ளைகளோடு ஓர் இடத்துக்குப் போனோம். துரையின் பங்களாவைப் பற்றி இருபது நிமிடம் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பேசினார்கள். தமிழில் கேட்டதற்கு, "போர்டில் இருக்கு" என்றார்கள். போர்டில் தமிழ் இல்லை. அப்படிச் சுற்றிப் பார்ப்பதைவிட வீட்டில் இருக்கலாம்.

எனவே எங்கள் முடிவு இது. சுற்றுலா கினிகத்தேனை, நாவலப்பிட்டி வழியாகப் பரதெக்கவுக்குத்தான். பஸ் காசு கட்ட முடியாத பிள்ளையின் பங்கை நாங்கள் போடுவோம். போய் வந்த பிறகு, ஒரு போயா தினத்தில் பாடசாலை மண்டபத்தில் பேச்சு. மேடையில் பெரிய மனிதர்கள் வேண்டாம். கொழுந்தெடுத்த பாட்டி பேசட்டும், கடை வைத்திருந்த அப்பா பேசட்டும். பழைய பாஸ்போட், செக்ரோல் துண்டு, கடன் கொப்பி இருந்தால் எரிக்காமல் கொண்டு வாருங்கள். படமெடுத்துக்கொண்டு உங்கள் கையிலேயே திருப்பித் தருவோம்.

நாளைக்கு லயத்தை இடித்து வீடு கட்டித் தருவார்கள், இன்ஷா அல்லாஹ். தரத்தான் வேண்டும். அன்று பேரப்பிள்ளை "லயம் என்றால் என்ன?" என்று கேட்டால், சொல்ல ஒருவராவது இருக்க வேண்டாமா?