பாவமும் தேவநீதியும்



புரோத்ராபூரில் உள்ள மாவட்டச் சிறைச்சாலையைக் கடந்து நாள்தோறும் வேலைக்கும் கடைவீதிக்கும் போய் வருவோர் நம்மில் பலர். மதிலுக்கு அப்பால் இருப்போர் குற்றவாளிகள், இப்பால் நடப்போர் நல்லவர்கள் என்று எண்ணிக்கொண்டே நாம் கடந்து போகிறோம். அவ்வெண்ணம் எவ்வளவு தூரம் உண்மை என்பதையே இத்திங்கள் சிந்திக்க விழைகின்றேன்.

நம் தமிழில் ‘பாவம்’ என்னும் சொல்லுக்கு ஒரு விந்தை உண்டு. கொலை, களவு, பொய் முதலிய தீவினைகளைப் பாவம் என்கிறோம். பசியால் வாடிய குழந்தையைக் கண்டாலோ, ‘ஐயோ, பாவம்!’ என்கிறோம். குற்றத்தைச் சுட்டும் சொல்லே இரக்கத்தையும் சுட்டுகிறது. இவ்விரண்டும் ஒரே நெஞ்சில் ஒருங்கே தங்க இயலுமா? குற்றத்தைக் குற்றம் என்றே தீர்ப்பவன், குற்றவாளிக்கு இரங்கவும் கூடுமா? கிறித்தவ சமயம் மனிதனின் பாவத்தையும் கடவுளின் நீதியையும் பற்றிப் பேசும்போது விடை காண முயல்வது இவ்வினாவுக்கே. நம் சங்கத்துக் குடும்பங்களில் பல சமயத்தாரும் உளர். எனினும் இவ்வினா எல்லார்க்கும் பொதுவானதாகும்.

இதனை நான் எழுத நேர்ந்த காரணத்தை மறைப்பது முறையன்று. சென்ற மழைக்காலத்தில் என் வீட்டுப் பின்கட்டில் ஓர் அறை காலியாக இருந்தது. நடுத்தர வயதினர் ஒருவர் வாடகைக்குக் கேட்டு வந்தார், நம்மவர்தாம். பேச்சு அடக்கமாக இருந்தது. முன்பணம் தரவும் ஒப்பினார். எல்லாம் பேசி முடித்த பின், “ஐயா, பின்னால் பிறர் சொல்லித் தாங்கள் அறிவதை விட நானே சொல்லிவிடுகிறேன். நான் சில ஆண்டுகள் சிறையில் இருந்தவன்” என்றார். நான் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “அறையை ஓர் உறவினர் முன்பே கேட்டிருந்தார், மறந்துவிட்டேன்” என்றேன். அப்படி உறவினர் எவரும் கேட்கவில்லை. அவருக்கும் அது தெரிந்தது. வணங்கிவிட்டு மழையில் இறங்கிப் போனார்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அவர் உண்மை சொன்னார். நான் பொய் சொன்னேன். அப்படியிருக்க, எங்கள் இருவருள் அன்று பாவி யார்?

கிறித்தவ வேதமாகிய விவிலியத்தின் புதிய ஏற்பாடு முதலில் கிரேக்க மொழியில் எழுதப்பட்டது. அதில் பாவத்தைக் குறிக்கப் பெரிதும் வழங்கும் சொல்லுக்கு, ‘குறி தவறுதல்’ என்பது அடிப்படைப் பொருள். அம்பு இலக்கில் தைக்காமல் போவது போன்றது அது. ஒரு சாண் விலகினாலும் ஒரு காதம் விலகினாலும் தவறியது தவறியதே. ஆகவே பாவம் என்பது சட்டப் புத்தகத்தில் எழுதப்பட்ட குற்றங்கள் மட்டுமன்று. கடவுளிடத்தும் அயலானிடத்தும் செலுத்த வேண்டிய அன்பிலிருந்து விலகி, ‘நான்’ என்னும் அகந்தையை நடுவில் நிறுத்திக்கொள்ளும் மனநிலையே பாவத்தின் வேர் என்பர். தீச்செயல்கள் அவ்வேரிலிருந்து முளைப்பவை. இதனாலேயே அச்சமயம் மனித குலம் முழுவதையும் ஒரே வரிசையில் நிறுத்துகிறது.

இயேசு பெருமான் கூறிய ஓர் உவமையை இங்கு நினைவு கூரலாம். பரிசேயன் ஒருவனும் ஆயக்காரன் ஒருவனும் வேண்டுதல் செய்யக் கோயிலுக்குப் போயினர். பரிசேயன் சமய ஒழுக்கத்தில் சிறந்தவன். ஆயக்காரனோ வரி தண்டுவோன், ஊராரால் வெறுக்கப்பட்டவன். முன்னவன் தன் நோன்புகளையும் தானங்களையும் கணக்கெடுத்து, தான் மற்றவரைப் போல் இல்லாமைக்காகக் கடவுளுக்கு நன்றி கூறினான். பின்னவன் தொலைவில் நின்று, தலை நிமிராமல் மார்பில் அடித்துக்கொண்டு, பாவியாகிய தன்மேல் இரங்கும்படி மன்றாடினான். நீதிமானாக வீடு திரும்பியவன் ஆயக்காரனே என்று இயேசு முடித்தார். என் வீட்டு வாசலில் அன்று நின்ற இருவரையும் எண்ணிப் பார்த்தேன். பரிசேயன் யார் என்று சொல்லவும் வேண்டுமோ?

நிற்க. தண்டனையால் மனிதன் திருந்துவானா என்னும் கேள்விக்கு நம் தீவுகளைப் போல் சான்று கூறத்தக்க இடம் வேறில்லை. 1858-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் முதற்கொண்டு அந்தமான் தண்டனைக் குடியேற்றமாயிற்று. கைதியின் கழுத்தில் ஒரு மரவில்லையைத் தொங்கவிட்டனர். அவனுடைய எண், தண்டிக்கப்பட்ட பிரிவு, தீர்ப்புப் பெற்ற நாள், விடுதலையாகும் நாள் ஆகியவை அதில் குறிக்கப்பட்டன. ஒரு மனிதனின் வாழ்வு முழுவதும் ஒரு மரத்துண்டில் அடங்கிவிட்டது.

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் 1829-இல் ஒரு பெருஞ்சிறை திறக்கப்பட்டது. குற்றவாளியைத் தனியறையில் விவிலியத்தோடும் தன் மனச்சாட்சியோடும் விட்டுவிட்டால் அவன் மனம் வருந்தித் திருந்துவான் என்பது அதை அமைத்தோர் நம்பிக்கை. குவேக்கர் என்னும் கிறித்தவப் பிரிவினரின் எண்ணங்கள் அதற்குத் தூண்டுதலாயின. நோக்கம் நல்லதே. ஆயினும் 1842-இல் அதனைச் சென்று கண்ட ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ், அத்தனிமை உடலை வதைப்பதினும் கொடியது என்று கண்டித்து எழுதினார். நடுவிலிருந்து சக்கரத்தின் ஆரங்கள் போல் விரியும் தனியறைச் சிறகுகள் என்னும் அவ்வமைப்பே, 1896 முதல் 1906 வரை நம் தலைநகரில் கட்டப்பட்ட செல்லுலர் சிறைக்கும் வாய்த்தது. ஏழு சிறகுகளில் 690-க்கு மேற்பட்ட தனியறைகள் இருந்தன. இன்று மூன்று சிறகுகளே எஞ்சியுள்ளன. அங்கே குற்றவாளிகள் என்று அடைக்கப்பட்ட விடுதலை வீரர்களை இன்று தியாகிகள் என்று போற்றுகிறோம். மனிதர் வழங்கும் நீதி தவறவும் கூடும். தவறாதபோதும் அதனால் மனிதனை அடைத்து வைக்க முடியுமேயன்றி நல்லவனாக்க முடியாது என்பதற்கு அச்சுவர்களே சாட்சி.

அங்ஙனமாயின் கடவுளின் நீதி எத்தகையது? நம் மரபில் நீதி என்றவுடன் நினைவுக்கு வருபவன் திருவாரூர் மனுநீதிச் சோழன். கன்றை இழந்த பசுவின் துயரைத் தானும் அடைய எண்ணித் தன் ஒரே மகனைத் தேர்க்காலில் இட்டான் என்று பெரியபுராணம் கூறுகிறது. பெற்ற பாசத்துக்கும் வளையாத நீதி அது. கிறித்தவர் கூறும் கடவுளும் குற்றத்தைக் கண்டும் காணாதவர் அல்லர். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. சோழன் கதையில் பழிக்கு உரிய மகனே பழியை ஏற்றான். கிறித்தவ நம்பிக்கையிலோ, பழியற்ற மகன் பழியுடையோர்க்காகத் தம்மைத் தாமே மனமுவந்து ஈந்தார். அம்மகன் யாரோ ஒரு மூன்றாமவர் அல்லர். மனிதனாய் வந்த கடவுளே அவர் என்பது அவர்தம் கொள்கை. அதாவது, தீர்ப்புக் கூறியவரே நீதிபீடத்திலிருந்து இறங்கித் தண்டனையையும் தாங்கினார். அரசினரின் கண்ணுக்கு அவரும் ஒரு குற்றவாளியாகவே இரு கள்வர்க்கு நடுவே சிலுவையில் மாண்டார்.

பவுல் ரோமாபுரித் திருச்சபைக்கு எழுதிய நிருபத்தில் விரித்துரைப்பது இந்நீதியையே. தமிழ் விவிலியம் அதனைத் ‘தேவநீதி’ என்று வழங்குகிறது. செர்மானியச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதர் இச்சொல்லைக் கேட்டாலே முன்பு அஞ்சி நடுங்கினாராம். கடவுள் நீதியுள்ளவர் என்றால் பாவியாகிய தமக்கு அழிவுதான் என்று எண்ணினார். பின்னர் நிருபத்தை இரவும் பகலும் ஆராய்ந்தபோது, தேவநீதி என்பது பாவியைத் தண்டிக்கும் நீதி மட்டுமன்று, நம்பி வருவோனை நீதிமானாக்கும் நீதி என்று தெளிந்ததாகத் தம் முதுமையில், 1545-ஆம் ஆண்டு, ஒரு முன்னுரையில் எழுதினார். ‘நீதிமானாக்கப்படுதல்’ என்னும் தொடர் கிறித்தவத் தமிழில் நிலைபெற்றிருப்பது இப்பொருளில்தான்.

இக்கொள்கை இத்தீவுகளில் வேரூன்றியதில் தமிழர் ஒருவருக்கும் பங்குண்டு என்பது நாம் பெருமையுடன் அறியத்தக்கது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வேதப்பன் சாலமோன் என்னும் தமிழ் உபதேசியார் கார் நிக்கோபார் தீவுக்குச் சென்று முஸ் என்னும் ஊரில் பள்ளி நடத்தினார். அவரிடம் பயின்ற நிக்கோபாரிச் சிறுவர்களுள் ஒருவரே ஜான் ரிச்சர்ட்சன். சப்பானியர் ஆட்சிக் காலத்தில் கொடுஞ்சிறையும் வதையும் பட்டுப் பிழைத்த அவர், 1950-இல் பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். புதிய ஏற்பாட்டைத் தம் தாய்மொழியில் பெயர்த்தவரும் அவரே.

இனி, அன்பர் சிலர் ஒரு தடை எழுப்பக்கூடும். ‘பாவம் செய்துவிட்டு மன்னிப்புக் கேட்டால் போதுமோ? பாதிக்கப்பட்டவன் கண்ணீருக்கு யார் விடை சொல்வது?’ நியாயமான கேள்வி இது. இதற்கு விவிலியம் சகேயு என்பவனைக் காட்டுகிறது. அவன் ஆயக்காரருக்குத் தலைவன், செல்வன். இயேசு அவனை இகழாமல் அவன் வீட்டுக்கே விருந்தாகச் சென்றார். அதன்பின் அவன் தன் உடைமையில் பாதியை ஏழைகளுக்கும், வஞ்சித்துப் பெற்றதை நான்கு மடங்காக உரியவர்க்கும் தருவதாக உறுதி கூறினான். இங்கே வரிசையைக் கவனித்தல் வேண்டும். கொடுத்ததனால் அவன் மன்னிப்பை விலைக்கு வாங்கவில்லை. ஏற்றுக்கொள்ளப்பட்டதனால் கொடுக்கும் மனம் பெற்றான். ஆகவே மன்னிப்பு கடனைத் தள்ளுபடி செய்யும் தந்திரம் அன்று. உண்மையாக மன்னிப்புப் பெற்றவன், தான் இழைத்த தீங்கைச் சரிசெய்யாமல் அமைதி கொள்ளமாட்டான். நாட்டின் சட்டமும் தன் கடமையைச் செய்யத்தான் வேண்டும். சட்டம் தன் கணக்கை முடித்த பிறகு நாம் புதிதாக ஒரு கணக்கைத் தொடங்குவதுதான் அநீதி. விடுதலை நாள் கடந்துவிட்ட ஒரு மனிதரின் கழுத்தில், அன்று நான் மீண்டும் அந்த மரவில்லையை மாட்டினேன்.

சில வாரங்கள் சென்ற பின் அவரைத் தேடிக் கண்டேன். வேறோர் இடத்தில் அறை எடுத்துத் தங்கி, கட்டட வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். நான் சொன்னது பொய் என்று ஒப்புக்கொண்டு, மன்னிக்குமாறு கேட்டேன். அவர் பதறி என் கைகளைப் பற்றிக்கொண்டார். “பாவம் ஐயா, தாங்கள் என்ன செய்வீர்கள்! பெண் பிள்ளைகள் இருக்கிற வீடு. எனக்கும் பிள்ளைகள் உண்டு; தெரியாதா?” என்றார்.

என் குற்றத்துக்கும் எனக்கு இரங்கியதற்கும் அந்த ஒரே சொல்தான் அவர் வாயில் வந்தது. பல நூல்களைப் புரட்டியும் எனக்கு விளங்காத தேவநீதியின் பொருள் அக்கணத்தில் சிறிது விளங்கிற்று.

நேயர்களே, பிழைப்பை நாடிக் கடல் கடந்து வந்த குடும்பங்கள் நாம். முன்பின் அறியாத நமக்கு யாரோ ஒருவர் முதன்முதல் ஓர் அறையும் ஒரு வேலையும் தந்ததனாலேயே இங்கு வேர் பிடித்தோம். சிறையிலிருந்து மீண்டு வரும் ஒருவர் நம் வாசலில் நிற்கும்போது இதனை மறவாதிருப்போமாக. எச்சரிக்கை வேண்டா என்று நான் கூறவில்லை. விசாரியுங்கள், ஆராயுங்கள், முடியாதெனில் முடியாது என்று உண்மையே சொல்லுங்கள். ஆனால் அவரைப் பாவி என்றும் நம்மை நீதிமான் என்றும் எண்ணிக்கொண்டு கதவை மட்டும் சாத்தாதிருங்கள். மதிலுக்கு இருபுறமும் உள்ளோர் இரக்கத்தை நம்பி வாழ்பவரே.