இரும்புக்கையும் வடமொழி வாலும்

1972-இல் சிவகாசியினின்று வெளிவந்த முத்து காமிக்சின் முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி'. இங்கிலாந்தில் 1962-இல் 'வேலியண்ட்' என்னும் சிறுவர் கிழமையிதழில் தொடங்கிய படக்கதையின் தமிழாக்கம் அது. ஆய்வகத்தில் வலக்கையை இழந்து எஃகுக்கை பூண்ட கிராண்டெல் என்பான், மின்தாக்குற்ற அளவிலே உடல் முழுதும் மறைந்துபோகின்றான். அக்கை மட்டுமே கண்ணுக்குத் தெரியும். முதற்கண் அவன் கொள்ளையன். பின்னரே குற்றஞ்செய்வாரை வேட்டையாடும் ஒற்றன்.

ஆங்கிலப் பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்திருந்தால் 'எஃகு உகிர்' என்றாகியிருக்கும். அகரமுதலியைப் புரட்டாமல் எந்தச் சிறுவனுக்கு அது விளங்கும்? தமிழாக்கியவர் அவ்வழிச் செல்லாது, 'இரும்புக்கை' என்று அடுக்களையிலும் பட்டறையிலும் வழங்கும் இரு சொற்களை இணைத்தார். ஆங்கிலப் பெயரில் இல்லாத மறைவையும் பெயருக்குள் கொணர்ந்தார். மூலத்தை விஞ்சிய பெயரே அது. அதனை ஒப்புக்கொள்ளத் தனித்தமிழார் நாணவேண்டுவதில்லை.

பிழை அதன் வாலில் உள்ளது. மாய்தல் என்பது மறைதல். அதனின்று பிறந்த மாயம் தமிழே எனப் பாவாணர் வழிநிற்போர் கொள்வர். ஆனால் 'மாயாவி'யின் ஈறு, 'மேதாவி'யிற்போல, வடமொழிக்குரியது. வேர் நம்முடையது, வால் பிறருடையது! 'இரும்புக்கை மாயன்' என்றிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? மாயன், மாயாண்டி என்று ஆண்மக்களுக்குப் பெயரிட்டழைக்கும் தென்பாண்டி நாட்டிலன்றோ அந்நூல் அச்சேறிற்று! மாயன் என்றால் திருமாலையன்றோ குறிக்கும் என்பார்க்கு, இரும்புக்கை பூண்ட திருமாலை எவரும் கண்டதில்லை என்பதே விடை.

ஓர் ஈற்றுக்கு இத்துணைப் பேச்சா எனின், ஆம். பாடநூற் சொல்லைத் தேர்வு முடிந்ததும் மறக்கும் சிறுவன், படக்கதைச் சொல்லை முதுமைவரை மறப்பதில்லை. அவ்விதழைப் படித்தோர் இன்று பேரன் பேர்த்தி எடுத்துவிட்டனர். மறுபதிப்புகளிலும் அப்பெயரே தொடர்கின்றது.

அச்சகத்தாரை மட்டும் குறைகூறுவது முறையன்று. மாயனுக்கும் மாயாவிக்கும் வேறுபாடறிந்த தமிழாசிரியர்களுள் எத்துணையர் அவர்க்கோர் அஞ்சலட்டை எழுதினர்? வகுப்பில் பலகைக்கடியில் ஒளித்துப் படித்த மாணவனிடமிருந்து அதனைப் பிடுங்கி, ஒரு பக்கமேனும் புரட்டிப் பாராமல், மேசைக்குள் இட்டுப் பூட்டினோரே மிகுதி.