கண்டிப்பான காலேஜா பாருங்க அத்தான்!

ப்ளஸ் டூ ரிசல்ட் வர்ற சமயம் ஆச்சுன்னா எனக்கு வளைகுடாவில இருந்து போன் வர ஆரம்பிச்சிடும். கொச்சியில இருக்கிற ஒரே சொந்தக்காரன் நான். போன வாரம் ஷார்ஜாவில இருந்து மச்சினன் கூப்பிட்டான். "அத்தான், பையனுக்கு நல்ல கிறிஸ்டியன் காலேஜா பாருங்க. கண்டிப்பான காலேஜா இருக்கணும். ஃபீஸ் பத்திக் கவலை இல்ல."

ஃபீஸ் பத்திக் கவலைப்படாத மனுஷங்க பாங்க்காரனுக்கு ரொம்பப் பிடிச்ச ரகம் :-) இருந்தாலும் கேட்டேன், "மாப்ளே, பையன் என்ன சொல்றான்?"

"அவன் என்னத்தச் சொல்றது?"

இந்தப் பதில்தான் ஒரு வாரமா மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு.

சுள்ளிக்கல் தெரியாதவங்களுக்காக: மட்டாஞ்சேரிக்கும் தோப்பும்படிக்கும் நடுவில இருக்கிற இடம். இங்க இருந்து பஸ் ஏறி தோப்பும்படி, வெண்டுருத்தி தாண்டினா தேவராவில சேக்ரட் ஹார்ட், 1944-ல ஆரம்பிச்சது. எர்ணாகுளம் போனா செயின்ட் தெரசாஸ், அது 1925. செயின்ட் ஆல்பர்ட்ஸ் 1946. தெற்கே இடக்கொச்சியில அக்வினாஸ். நாலுமே கத்தோலிக்கக் காலேஜ். காலையில எங்க பஸ் ஸ்டாப்ல நிக்கிற பிள்ளைக கழுத்துல தொங்குற அடையாள அட்டையில பாதிக்கு மேல சிலுவை இருக்கும். அதுல இந்துப் பிள்ளை, முஸ்லிம் பிள்ளை, நம்ம தமிழ்ப் பிள்ளை எல்லாம் உண்டு. மலையாளத்துல ஃபாதரை 'அச்சன்'னு சொல்வாங்க. "அச்சன்மார் காலேஜா? அப்ப சரி"ங்கிறதுதான் இங்க எல்லா வீட்டுலயும் பேச்சு.

நானும் அப்படிப்பட்ட காலேஜ்ல பி.காம். படிச்சவன்தான். தெற்குச் சீமையில ஒரு சாமியார் காலேஜ். எங்க வம்சத்துல முதல் பட்டதாரி நான். பாதிக் கட்டணத்துல சேத்துக்கிட்டாங்க. மணி அடிச்சா வாத்தியார் கிளாஸ்ல இருப்பார். லைப்ரரியில கேட்ட புத்தகம் கிடைக்கும். இன்னிக்கு நான் ஒரு பேலன்ஸ் ஷீட்டைப் பாத்து எங்க பொய் இருக்குன்னு மோப்பம் பிடிக்கிறேன்னா அது அங்க கத்துக்கிட்டது. அதனால, "நன்றி கெட்டவன்"னு பின்னூட்டம் போடத் துடிக்கிற அன்பர்கள் கொஞ்சம் பொறுங்க.

அதே காலேஜ்ல ரெண்டாம் வருஷம் நாங்க பதினெட்டுப் பேர் சேந்து முதல்வருக்கு ஒரு கடிதம் எழுதினோம். காஸ்ட் அக்கவுண்டிங் வாத்தியார் வருஷம் பூரா நோட்ஸ் மட்டும் சொல்லிக் குடுத்தார், ஒரு கணக்குகூட போர்டுல போடல. மரியாதையாத்தான் எழுதினோம், பேர் போட்டுக் கையெழுத்தும் போட்டோம். கடிதம் முதல்வர் அறையில இருந்து துறைத்தலைவருக்குப் போச்சு, அங்க இருந்து அந்த வாத்தியார் கைக்கே போச்சு. அடுத்த மாசம் இன்டர்னல் மார்க் வந்தப்ப பதினெட்டுப் பேருக்கும் ஒரே மாதிரி சறுக்கல். எனக்கு 25-க்கு 11. அம்மாகிட்ட சொன்னேன். "உன்னை யாருல முந்திரிக்கொட்டை மாதிரி கையெழுத்துப் போடச் சொன்னது?"ன்னு கேட்டா. விஷயம் அதோட முடிஞ்சு போச்சு.

இருபத்தஞ்சு வருஷம் ஆயிருக்கு. இப்ப என் மக இங்க ஒரு கத்தோலிக்கக் காலேஜ்ல பி.காம். படிக்கா. 2024-ல கேரளாவில நாலு வருஷப் பட்டப்படிப்பு வந்துச்சில்ல, அந்தத் திட்டம். நூத்துக்கு எழுபது எழுத்துப் பரீட்சை, முப்பது இன்டர்னல். போன செமஸ்டர் ஒரு நாள் சாயங்காலம் போனைக் கையில வச்சு டக் டக்னு தட்டிக்கிட்டிருந்தா. எட்டிப் பாத்தேன். ஆசிரியர்களைப் பத்தி மாணவர் கருத்து கேக்கிற படிவம். இருபது கேள்வி, ஆறு ஆசிரியர். எல்லாத்துக்கும் 'எக்ஸலண்ட்', 'எக்ஸலண்ட்'னு ஒரே நேர்கோடா இறங்கிக்கிட்டே போறா.

"ஏட்டி, கேள்வியைப் படிச்சுப் பாக்க வேண்டாமா?"

"எதுக்குப்பா? இதை முடிச்சாத்தான் ஹால் டிக்கெட் இறங்கும். ரெஜிஸ்டர் நம்பர் போட்டுத்தான் உள்ளயே போக முடியும். இன்டர்னல் இன்னும் போடல."

ஒரு ஆடிட்டர் இந்த மூணு வாக்கியத்தைக் கேட்டா அந்தக் கோப்பையே தூக்கிக் குப்பையில போடுவார். பேர் தெரியும், மார்க் இன்னும் அவங்க கையில இருக்கு, நிரப்பலேன்னா பரீட்சை எழுத முடியாது. இப்படி வாங்கின ஒப்புதலை நாங்க பாங்க்ல ஏத்துக்கிட்டா எங்க வேலை போயிடும். ஆனா இதே படிவங்களைக் கூட்டிக் கழிச்சு, வண்ண வண்ணமா வட்டப்படம் போட்டு, தரமதிப்பீட்டுக் குழு வரும்போது கோப்புல வைக்கிறாங்க. நாக் அமைப்பு 2017-ல கொண்டு வந்த முறையில மாணவர் திருப்திக்குன்னு தனிக் கணக்கெடுப்பே இருந்துச்சு. பிள்ளைக மின்னஞ்சலுக்கு நேரடியாக் கேள்வி வரும். நல்ல யோசனைதான். ஆனா அந்த மாணவர் பட்டியலைக் குடுக்கிறதே காலேஜ்தானே?

சரி, படிவத்துல சொல்லாததை வீட்டுல சொல்வாங்களான்னு பாக்க, ஒரு ஞாயித்துக்கிழமை மக கூட்டுக்காரிக மூணு பேரைச் சாப்பிடக் கூப்பிட்டோம். வீட்டம்மா சொதி வச்சா. சாப்பாட்டுக்கு அப்புறம் சும்மா பேச்சுக் குடுத்தேன். 'ஜாலியா இருக்கணும், அட்டெண்டன்ஸ் வேண்டாம்'னுதான் புலம்புவாங்கன்னு நெனச்சேன். என் கணிப்பு தப்பாப் போச்சு.

முதல்ல நல்லதைத்தான் சொன்னாங்க. கிளாஸ் ஒழுங்கா நடக்குது. புள்ளியியல் எடுக்கிற ஒரு சிஸ்டர் நாலு மணிக்கு மேல உக்காந்து புரியாதவங்களுக்குத் திரும்பச் சொல்லித் தர்றாங்க. ஒரு பிள்ளைக்கு அப்பா இல்ல, மீன் கம்பெனியில அம்மா வேலை. அவ ஃபீஸ் கட்ட முடியாம நின்னப்ப ஒரு அச்சன் யாருக்கும் தெரியாமக் கட்டியிருக்கார். இதைச் சொல்லும்போது அந்தப் பிள்ளைக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

அப்புறம்தான் மத்தது வந்துச்சு. அட்டெண்டன்ஸ் கேக்கட்டும், ஆனா டெங்குவுல பத்து நாள் படுத்த பிள்ளைகிட்ட டாக்டர் சீட்டு, அப்பா கடிதம், டியூட்டர் கையெழுத்துன்னு ஒவ்வொண்ணா அலைய விடாதீங்க. செமினார்னு சொல்லி கிளாஸ் நேரத்துல அரங்கத்துல கொண்டு உக்கார வைக்கிறாங்க. பேசுறவர் யாருன்னே தெரியாது, ஆள் நிறைஞ்ச மாதிரி போட்டோ எடுக்கிறதுக்குத்தான் நாங்க. அசைன்மென்ட் இருபது பக்கம் கையால எழுதணும், யாரும் படிக்கிறதில்ல, பக்கத்தைத்தான் எண்ணுறாங்க. "நான் ஏழாம் பக்கத்துல மீன்கறி வைக்கிற முறை எழுதி வச்சேன் அங்கிள், பத்துக்கு ஒம்பது கிடைச்சுது"ன்னா ஒருத்தி. ஒரு பையன்கூட கேண்டீன்ல உக்காந்ததுக்கு வீட்டுக்குப் போன் போகுது, ஆனா ஒரு பேப்பர்ல பாதி வகுப்பு தோத்தா யாரும் யாரையும் கூப்பிட்டுக் கேக்கிறதில்ல.

அவங்கள்ல கத்தோலிக்கப் பிள்ளை ஒருத்தி. அவ சொன்னது: "உங்களுக்கெல்லாம் நீதிபோதனை ஒரு நாள்தான். எங்களுக்கு ஞாயித்துக்கிழமை பள்ளியில வேதபாடம், திங்கக்கிழமை காலேஜ்ல மறுபடியும்!" எல்லாரும் சிரிச்சாங்க. (இங்க சர்ச்சுக்கும் 'பள்ளி'ன்னுதான் பேரு.)

கேக்கிறேன், இதுல எது நியாயம் இல்லாத பேச்சு? எங்க பிராஞ்சுல இவ்வளவு நிதானமா நிறை குறை சொல்ற வாடிக்கையாளர் பத்துப் பேர் இருந்தா நான் மாலை போட்டு வரவேற்பேன். "இதையெல்லாம் ஏன்ட்டி அந்தப் படிவத்துல எழுதல?"ன்னேன். நாலு பேரும் என்னை ஒரு பரிதாபமாப் பாத்தாங்க.

எனக்குப் புரியாதது இதுதான். ஒரு மனுஷன் எப்ப உண்மையைப் பேசுவான்ங்கிறதை கத்தோலிக்கத் திருச்சபைக்கு யார் சொல்லித் தரணும்? பாவசங்கீர்த்தனத் தொட்டியில முகம் மறைச்சுக் கம்பித்தட்டி வச்சது அவங்க. அங்க கேட்டதை உயிரே போனாலும் வெளிய சொல்லக் கூடாது, சொன்ன குருவானவருக்குத் திருச்சபை விலக்குதான் தண்டனைன்னு சட்டம் வச்சிருக்கிறது அவங்க. அப்படிப்பட்டவங்க நடத்துற காலேஜ்ல பிள்ளைக கருத்துக்கு மட்டும் ரெஜிஸ்டர் நம்பர் எதுக்கு?

பழைய கதை ஒண்ணும் உண்டு. ஐரோப்பாவில மிகப் பழசுன்னு சொல்ற பொலோனியா பல்கலைக்கழகம், மத்திய காலத்துல மாணவர் சங்கத்தோட அதிகாரத்துல இருந்தது. ரெக்டரைத் தேர்ந்தெடுத்தது மாணவர்கள். வாத்தியார் தாமதமா வந்தா அபராதம், ஊருக்குப் போகணும்னா பிள்ளைககிட்ட அனுமதி வாங்கணும். எல்லாம் போப்பாண்டவர் ஆட்சி பலமா இருந்த காலத்துலதான். நான் அவ்வளவு தூரமெல்லாம் போகச் சொல்லல. நம்ம ஊர்ல அப்படி வந்தா வாத்தியார் சம்பளமே மிஞ்சாது. இரண்டாம் ஜான் பால் 1990-ல கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்களுக்குன்னு ஒரு சாசனம் வெளியிட்டார். அதுலயே மனசாட்சிச் சுதந்திரம், ஒளிவில்லாத உரையாடல், தனிமனிதர் உரிமை எல்லாம் வருது. அவங்க வீட்டுச் சரக்கைத்தான் கேக்கிறேன்.

"சிறுபான்மை நிறுவனம், தலையிடக் கூடாது"ன்னு ஒரு வாதம் வரும். அரசியல் சாசனம் 30-வது பிரிவு குடுத்த உரிமையை நானும் மதிக்கிறேன். அந்த உரிமை இல்லேன்னா எனக்குப் படிப்பே கிடைச்சிருக்காது. ஆனா 1958-ல, இதே கேரளக் கல்வி மசோதா விவகாரத்துல, நிர்வாகம் பண்ற உரிமைன்னா சீர்கேடா நிர்வாகம் பண்ற உரிமை இல்லேன்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. 2003-ல பாலா செயின்ட் தாமஸ் காலேஜ் வழக்குல, வளாகத்துக்குள்ள கட்சி அரசியலைத் தடுக்க நிர்வாகத்துக்கு உரிமை உண்டுன்னு கேரள ஹைகோர்ட் சொல்லிச்சு. அதுலயும் எனக்கு வருத்தம் இல்ல. கொடியை எடுத்துட்டீங்க, சரி. பிள்ளைக பேசுறதுக்கு வேற என்ன வழி வச்சிருக்கீங்க?

வழி இருக்கு, ஏட்டுல. யு.ஜி.சி. 2023-ல மாணவர் குறைதீர்ப்பு விதிகள் கொண்டு வந்துச்சு. ஒவ்வொரு காலேஜ்லயும் குழு வேணும், புகார் வந்தா 15 வேலைநாளுக்குள்ள அறிக்கை குடுக்கணும், அதுக்கு மேல பல்கலைக்கழகத்துல ஒரு குறைதீர்ப்பாளர். ஆனா குழுவில யாரு? ஒரு பேராசிரியர் தலைவர், இன்னும் நாலு பேர் ஆசிரியர்கள். மாணவர் ஒருத்தர், அதுவும் நியமனத்துல வர்ற சிறப்பு அழைப்பாளர். பெங்களூரு கிறைஸ்ட் மாதிரி 2008-லயே நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆன இடத்துல அந்தக் குறைதீர்ப்பாளரை நியமிக்கிறதும் அதே பல்கலைக்கழகம்தான். இதையும் எங்க தொழிலையும் ஒப்பிட்டுப் பாருங்க. ரிசர்வ் வங்கி 2021-ல கொண்டு வந்த குறைதீர்ப்புத் திட்டத்துல, 30 நாளைக்குள்ள பாங்க் பதில் சொல்லலேன்னா நேரா மேல போகலாம். மேல இருக்கிறவருக்கு எங்க மேனேஜர் முகமே தெரியாது. புகார் குடுத்ததுக்காக எந்த வாடிக்கையாளருக்கும் நாங்க வட்டியைக் குறைக்கவும் முடியாது.

கேக்காம விட்டா என்ன ஆகும்? 2023 ஜூன் மாசம் காஞ்சிரப்பள்ளி அமல் ஜோதி எஞ்சினியரிங் காலேஜ்ல ஒரு மாணவி இறந்து போனா. யார் மேல தப்புங்கிறது விசாரணை விஷயம், அதை நான் தொடல. ஆனா அதுக்கு அப்புறம் வாசல்ல உக்காந்த பிள்ளைக அந்த ஒரு நாளைக் கோபத்தை மட்டும் பேசல. பல நாளாச் சேத்து வச்சதைப் பேசினாங்க. ரெண்டு மந்திரிமார் வந்து பேச்சுவார்த்தை நடத்தித்தான் போராட்டம் அடங்கிச்சு. அந்தப் பேச்சை அதுக்கு முன்னாடி ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை யாராவது உக்காந்து கேட்டிருக்கக் கூடாதா?

அச்சன்மாரை மட்டும் சொல்லிப் பிரயோஜனம் இல்ல. அவங்க விக்கிறது நாம கேக்கிற சரக்கைத்தான். "கண்டிப்பா?"ன்னு கேக்கிறோம், "கண்டிப்பு"ன்னு விளம்பரப் புத்தகத்துல போடுறாங்க. காஸ்ட் அக்கவுண்டிங் எப்படிச் சொல்லித் தர்றாங்கன்னு எந்தத் தகப்பனாவது கேட்டிருக்கோமா? ஊரை விட்டு வந்து பிழைக்கிறவன் நாம. பிள்ளையை மேய்க்க ஆள் இல்ல, பாட்டி இல்ல, சித்தப்பா இல்ல. அந்த பயத்தைத் தூக்கி காலேஜ் வாசல்ல வச்சிட்டு, ரசீது வாங்கிட்டு வந்துடுறோம்.

நான் கேக்கிறது ரொம்பச் சின்னது. மார்க் போட்டு முடிச்ச பிறகு கருத்துக் கேளுங்க. நம்பர் இல்லாமக் கேளுங்க. பிள்ளைக என்ன சொன்னாங்க, நாங்க என்ன செஞ்சோம்னு ஒரு பக்கம் நோட்டீஸ் போர்டுல ஒட்டுங்க. முடியாததுக்கு 'முடியாது'ன்னே எழுதுங்க. இதுக்குச் செலவு ஒரு குண்டூசி டப்பா.

மச்சினனுக்குப் போன் போட்டு, "காலேஜ் பாக்கிறேன், ஆனா முதல்ல பையனை என்கிட்ட பேசச் சொல்லு"ன்னேன். நேத்து ராத்திரி பேசினான். அரை மணி நேரம். அவனுக்கு பி.காம்.ல துளியும் இஷ்டம் இல்லையாம், புவியியல் படிக்கணுமாம். இதை அவன் அப்பன்கிட்ட யார் சொல்றதுங்கிறது தனிப் பதிவு.

பெற்றோர் ஆசிரியர் கூட்டத்துல மேலே சொன்னதைக் கேக்கலாம்னு மககிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சா.

"கேளுங்கப்பா. ஆனா இன்டர்னல் போட்ட பிறகு கேளுங்க."

அடுத்த மாசக் கடைசியில போடுவாங்களாம். அதுக்கப்புறம் வர்ற கூட்டத்துக்கு இப்பவே லீவு எழுதிக் குடுத்திருக்கேன்.