முந்திரிக் கணக்கும் மரக்கால் அளவும்

பாகூர் ஏரிப் பாசனத்தில் விளைந்த நெல் களத்தில் குவிந்தபோது, அதனை முன்னோர் மரக்காலால் அளந்தனரேயன்றி, மணி மணியாக எண்ணினாரல்லர். ஒரு மரக்காலில் சில மணிகள் கூடும்; மற்றொன்றில் சில குறையும். அதனால் எவருக்கும் கேடு விளைந்ததில்லை. ஆயின், வில்லியனூர்ப் பொற்கொல்லர் பொன்னை மரக்காலால் அளக்க இசைவரோ? குன்றிமணி இட்டு நிறுப்பதே அவர்தம் பண்டை வழக்கமாக இருந்தது. அளக்கப்படும் பொருளுக்கேற்ப அளவின் நுட்பம் அமைய வேண்டும் என்னும் இவ்வெளிய அறிவே, இன்று கணிப்பொறிச் சில்லுகளை ஆக்குவோர் நடுவே பெருஞ்சிக்கலாக எழுந்து நிற்கிறது.

நோயுற்ற நெற்பயிரின் இலையைக் கைப்பேசியில் படம்பிடித்துக் காட்டினால், அந்நோய் இன்னதெனக் கூறும் மென்பொருள்கள் இன்று உழவர் கைக்கு வந்துள்ளன. அவற்றின் உள்ளே தொழிற்படுவது செயற்கை நரம்பு வலை என்பதாகும். பெயர் மருட்டினும் செயல் எளிது. படத்தின் ஒவ்வொரு புள்ளியும் எண்ணாகிறது. வலையின் ஒவ்வோர் இணைப்பும் ஓர் எண்ணே. இவற்றைப் பெருக்கிக் கூட்டுதலே அதன் முதன்மையான பணி. ஆயினும், ஒரு படத்தை அறிந்து கூறுவதற்குள் அப்பெருக்கல் கோடிக்கணக்கில் நிகழக்கூடும். ஆகவே, ஒவ்வோர் எண்ணையும் எத்தனை இலக்கத்தால் எழுதுவது என்னும் வினா பிறக்கிறது.

சில்லு எண்களை இரும இலக்கத்தால் எழுதும். ஒன்றிற்குக் கீழ்ப்பட்ட அதன் அளவுகள் தமிழ் மாணவர்க்குப் புதியன அல்ல. அரை, கால், அரைக்கால், வீசம் எனப் பாதி பாதியாகக் குறைந்து செல்வன. இலக்கம் ஒன்று கூடுந்தோறும் நுட்பம் இருமடங்காகும். அதற்குத் தரும் விலையோ பெரிது. பள்ளியில் பயிலும் முறைப்படி எட்டிலக்க எண்ணை எட்டிலக்க எண்ணால் பெருக்கினால், இலக்கத்தோடு இலக்கம் 64 முறை பெருக்க வேண்டும். 32 இலக்கமாயின் 1,024 முறை. இலக்கம் நான்கு மடங்காக, உழைப்புப் பதினாறு மடங்காகிறது. சில்லில் இவ்வுழைப்பு மின்சுற்றாகவும் இடமாகவும் மின்னாற்றலாகவும் வடிவெடுக்கும். ஸ்டான்போர்டுப் பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் ஹொரோவிட்ஸ் 2014-இல் எடுத்துக்காட்டிய கணக்கும் இதனை ஒட்டியதே. 32 இலக்க முழுவெண் பெருக்கலுக்கு ஆகும் மின்னாற்றல், 8 இலக்கப் பெருக்கலுக்கு ஆவதைப்போல் ஏறத்தாழப் பதினைந்து மடங்கு என்பது அவர் காட்டியது.

கூகுள் நிறுவனம் 2015 முதல் தன் கணிப்பொறிக் கூடங்களில் பயன்படுத்திய நரம்பு வலைச் சில்லு, 8 இலக்கப் பெருக்கலையே மேற்கொண்டது. அதனால் ஒரே சில்லில் 65,536 பெருக்கிகளை அடக்க இயன்றது. நுட்பம் குறைந்தும் விடை கெடாதது எவ்வாறு? சிறு பிழைகள் சில மேலாகவும் சில கீழாகவும் நிகழ்ந்து, மரக்கால் நெல்லைப்போல் ஒன்றையொன்று பெரும்பாலும் ஈடுசெய்துகொள்கின்றன. அச்சில்லை ஆக்கியோர் வேறொன்றையும் செய்தனர். பெரிதும் பாராட்டத்தக்கது அதுவே. பெருக்குவதை 8 இலக்கத்தில் நிறுத்தியபோதும், பெருக்கி வந்தவற்றைக் கூட்டிச் சேர்க்கும் இடத்தை 32 இலக்கமாக வைத்தனர். களத்தில் மரக்கால் போதும். கணக்கரின் ஏட்டிலோ 320-இல் ஒரு பங்காகிய முந்திரியும் விடுபடலாகாது.

விடுபட்டால் விளைவது யாது? அரை, கால், அரைக்கால் என எத்துணை முறை பாதியாக்கினும் பத்திலொன்று முழுதாகக் கிட்டாது. (தமிழ்க் கணக்கில் இருபதிலொன்றுக்கு மா என்றும், பத்திலொன்றுக்கு இருமா என்றும் தனிப்பெயர் வைத்த நுண்ணறிவு ஈண்டு எண்ணத்தக்கது.) வளைகுடாப் போரில் அமெரிக்கப் படையின் பேட்ரியட் என்னும் ஏவுகணைத் தடுப்புக் கருவி, காலத்தைப் பத்திலொரு நொடியாக எண்ணி வந்தது. அப்பத்திலொன்றை 24 இலக்கத்தோடு வெட்டி வைத்திருந்தனர். வெட்டுண்ட துணுக்கு மிகமிகச் சிறிது. ஆயினும், அப்பிழை எப்போதும் ஒரே பக்கமாகவே சேர்ந்தது. ஏறத்தாழ நூறு மணி நேரம் ஓயாது இயங்கியபின், அது நொடியில் மூன்றிலொரு பங்காயிற்று. 1991 பிப்ரவரி 25 அன்று, சவூதி அரேபியாவில் உள்ள தஹ்ரானை நோக்கி வந்த ஏவுகணையை அக்கருவி தவறவிட்டது. படைவீரர் 28 பேர் மாண்டனர்.

இலக்கத்தைக் குறைப்பதே இழிவு என்பார் சிலர். குறைக்குந்தோறும் ஆதாயம் என்று நான்கு, இரண்டு, ஒன்று எனச் சுருக்கிக்கொண்டே செல்வார் வேறு சிலர். பிழை சிதறுமிடம் எது, சேருமிடம் எது என்று இருசாராரும் ஆராய்வதில்லை. சிற்றூர் உழவர் வாங்கத்தக்க விலையில், ஒருநாள் முழுதும் மின்கலம் தாங்கும் கைப்பேசி வேண்டுமாயின், சில்லு சுருங்கத்தான் வேண்டும். ஆதலால் குறைத்தல் வரவேற்கத்தக்கதே.

ஆனால், குறைத்ததனால் கெட்டதா இல்லையா என்று கூறுவார் யார்? கோஹியர் நிறுவன ஆய்வாளர் 2024-இல் இதனைப் பல மொழிகளில் ஆராய்ந்தனர். இலக்கம் குறைந்த மொழிக் கருவிகளில், லத்தீன் எழுத்தில் அமையாத மொழிகளே மிகுதியாகத் தாழ்வுற்றன. ஜப்பானிய மொழியில் தானியங்கி அளவுகோல் 1.7 விழுக்காடு தாழ்வையே காட்டியது. மக்கள் படித்து மதிப்பிட்டபோதோ அத்தாழ்வு 16 விழுக்காடாக இருந்தது! தமிழும் லத்தீன் எழுத்தில் அமையாத மொழியன்றோ? எனவே, தமிழில் பேசும் கருவியின் இலக்கத்தைக் குறைப்போர், அதன் விடைகளைத் தமிழறிந்த உழவரிடமே காட்டித் தேர்தல் வேண்டும். குலைநோய் என்று கூற வேண்டிய இடத்தில் புகையான் என்று அது கூறிவிட்டால், பூசணத்துக்குரிய மருந்துக்குப் பதிலாகப் பூச்சிக்குரிய மருந்து தெளிக்கப்படும். அப்பருவத்து நெல் களத்துக்கு வாராது.