பிணை கேளாக் கடன்



சங்கரன்கோயிலில் தறியோட்டி வாழும் நெசவாளர் ஒருவர் நூல் வாங்கப் பெருந்தொகைக் கடன் வேண்டி வங்கிப் படியேறட்டும். அவரிடம் முதலில் கேட்கப்பெறுவது யாது? பிணை! நிலமுண்டா, வீட்டாவணம் உண்டா, பொறுப்பேற்றுக் கையெழுத்திட ஆளுண்டா என்று துருவித் துருவியன்றோ வினவுவர்? தவணை தவறியவர்க்கு மறுமுறை கதவு திறவாது. இம்முறைமையை நாம் குறை கூறவில்லை. அது பொதுமக்கள் பணம்.

ஆயின், அதே பொதுமக்கள் பணத்தை 2022-ஆம் ஆண்டில் சிங்கள அரசுக்கு இந்திய அரசு அள்ளித் தந்தபொழுது கேட்ட பிணை யாது? நாணய மாற்றாக 40 கோடித் தாலர். எரிபொருளுக்கு 50 கோடி. உணவு, மருந்து முதலியவற்றுக்கு 100 கோடி. பழைய கடனின் தவணையைத் தள்ளிவைத்தது முதலான பிறவும் சேர, ஏறத்தாழ 400 கோடி அமெரிக்கத் தாலர்!

இதனை எதிர்த்தால், “பசித்த வயிற்றின்முன் அரசியல் பேசுகின்றீர்களே, இரக்கமற்றவர்களே!” என்று நம்மேல் பாய்கின்றனர். பசியைப் பற்றித் தமிழனுக்கா பாடம்? தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2022 ஏப்பிரல் 29-இல் ஒருமனதாகத் தீர்மானம் இயற்றி, 40,000 தொன் அரிசியும் 500 தொன் பால்மாவும் மருந்தும் அனுப்ப முன்வந்ததே, அதை நாம் எதிர்க்கவில்லை. சிங்களக் குழந்தையின் பசியும் பசியே. சோறு வயிற்றுக்குப் போகும். கடனோ அரசின் கருவூலத்தைத் தாங்கி நிறுத்தும். நாம் எதிர்ப்பது வரம்பின்றித் தரப்பெற்ற அக்கடனையே!

இரக்கம் பேசுவோர் 2007-ஐ எண்ணிப் பார்க்கட்டும். யாழ்ப்பாணத்தின் தரைவழி அடைபட்டு நம் உறவுகள் வாடியபொழுது, பழ. நெடுமாறன் முயற்சியால் தமிழ்நாட்டு மக்கள் திரட்டிய உணவையும் மருந்தையும் கொண்டுசெல்ல நடுவணரசு இசைவு தந்ததா? இல்லை! இயலாமையா அது? 1987 சூன் 3-இல் படகுகளில் சென்ற உதவிப்பொருள்களைச் சிங்களக் கடற்படை திருப்பியனுப்ப, மறுநாளே வானூர்தி வழியாக யாழ்ப்பாணத்தில் உணவைப் போட்ட அரசன்றோ இது? வேண்டுமென்றால் இயலும், வேண்டாமென்றால் இயலாது!

புதிதாக ஒரு பிணையைத் தேடவும் வேண்டியதில்லை. 1987 சூலை 29-இல் இராசீவ் காந்தியும் செயவர்த்தனாவும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் தில்லியின் கையிலேயே உள்ளது. அதன் வழியாக வந்த வடக்கு மாகாண அவைக்குத் தேர்தல் நடந்தது 2013-இல்தான். 2018-இல் அதன் காலம் முடிந்தது. கடன் சென்ற 2022-இலும் அவ்வவை வெறுமையாகவே கிடந்தது. 2023, 2024 ஆகிய ஆண்டுகளும் தேர்தலின்றியே கழிந்தன. இறுதிப் போரில் 40,000 பொதுமக்கள் வரை மாண்டிருக்கலாம் என்று ஒன்றிய நாடுகளின் பொதுச்செயலர் அமைத்த அறிஞர் குழு 2011-இல் உரைத்ததே, அதற்கேனும் நயன்மை கிட்டியதா?

“வலியுறுத்தினோம்” என்பர். வலியுறுத்தல் வேறு, கடனுக்கு வரம்பாக வைத்தல் வேறு. நெசவாளரிடம் வங்கி வலியுறுத்துவதில்லை, எழுதி வாங்குகின்றது!

எனவே, தமிழ்நாட்டின் மக்களவை உறுப்பினர் 39 பேரும் நாடாளுமன்றத்தில் ஒரே குரலில் உரைக்கட்டும்: பசிக்குச் சோறு தருக, ஒப்பந்தத்தை நிறைவேற்றாத அரசுக்கு இனி வரம்பிலாக் கடன் தராதே!

சங்கரன்கோயில் மக்களே! தென்காசித் தொகுதி உறுப்பினர் உங்கள் தெருவுக்கு வரும்பொழுது இவ்வொரு வினாவைக் கேளுங்கள்: “எம்மிடம் பிணை கேட்கும் அரசு, எம்மினத்தை அழித்தவனிடம் ஏன் கேட்கவில்லை?”

விடை வரும்வரை விடாதீர்கள்!